உலைப்பானையும் ஒரு சாட்சி

(புகைப்படக் கலை பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுவதற்கு முன் முன்வரிசையில் இருந்த சிலரிடம், கம்போடியா என்றதும் உங்கள் மனத்தில் என்ன படம் வருகிறது என்று கேட்டேன். மூன்று பேர் அங்கோர்வாட் கோயில் என்றார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, மண்டையோடுகள் என்றார். இரண்டும் உண்மையான பதில்கள். அந்த நாட்டைப் பற்றி உலகம் பார்த்த படங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. 1866ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு காடு கடந்து அங்கோருக்குப் போனார். அன்று தொடங்கி இன்றுவரை அந்தக் கோபுரங்களைப் படம் எடுக்காத பயணி இல்லை. 1979க்குப் பிறகு போனவர்கள் எலும்புகளையும் படம் எடுத்தார்கள்.

கோயிலுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது லட்சம் பேர் காலையில் எழுந்து, சோறு பொங்கி, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களை யார் படம் எடுப்பது? கடந்த இருபது ஆண்டுகளாக அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவர்கள் கம்போடியாவின் இளைஞர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஓர் உறவைச் சொல்லிவிடுகிறேன். கெமர் மொழியில் படத்துக்கு 'ரூப்' என்று பெயர். நம் 'ரூபம்'தான் அது. கலையை அவர்கள் 'செலபக்' என்பார்கள். நாம் சிற்பம் என்று சொல்வதும் அந்தச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அவர்கள் இன்று எழுதும் எழுத்தே பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. ஆகவே, நமக்கு அவர்கள் முற்றிலும் அயலார் அல்லர். அவர்கள் படத்தை நாம் பார்ப்பதில் ஒரு பழைய உரிமை இருக்கிறது.

அன்றாட வாழ்வைப் பதிவு செய்வதும் அவர்களுக்குப் புதிதல்ல. அங்கோரில் ஏழாம் ஜெயவர்மன் கட்டிய பாயோன் கோயிலின் வெளிச்சுற்றுச் சுவரைப் போய்ப் பாருங்கள். போரும் படையும் ஒரு பக்கம் செதுக்கப்பட்டிருக்க, அதற்குக் கீழேயே சந்தை நடக்கிறது. பெண்கள் கடை பரப்பியிருக்கிறார்கள். சேவற்சண்டைக்குக் கூட்டம் கூடியிருக்கிறது. ஒருவர் தலையில் இன்னொருவர் பேன் பார்க்கிறார். அடுப்பில் உலை கொதிக்கிறது. ஒரு பெண் பிள்ளை பெறுகிறாள், மருத்துவச்சி பக்கத்தில் இருக்கிறாள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பேரரசனின் கோயிலில் உலைப்பானைக்கும் இடம் இருந்தது. சிற்பிகள் அதை அற்பம் என்று ஒதுக்கவில்லை.

இப்போது நாம் 1975க்கு வருவோம். அந்த ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை தலைநகர் ப்னோம் பென்னைக் கைப்பற்றியது. 1979 ஜனவரி 7 வரை அவர்கள் ஆட்சி. சுமார் 17 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் கொலையாலும் மாண்டார்கள். மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இந்த எண்ணை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதோடு சேர்ந்த வேறொன்று. அந்த ஆட்சி உயிர்களைப் பறித்ததோடு, அன்றாடம் என்பதையே சட்டம் போட்டு ஒழித்தது.

நகரத்து மக்கள் அனைவரும், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உட்பட, வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பணம் ஒழிக்கப்பட்டது. மத்திய வங்கியின் கட்டடம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பணம் இல்லாததால் சந்தை இல்லை, சந்தை இல்லாததால் கடைத்தெரு இல்லை. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. விகாரைகளிலிருந்து பிக்குகள் துரத்தப்பட்டார்கள். பூப்போட்ட துணி கூடாது, எல்லோருக்கும் கறுப்பு உடை. கடைசியாக அடுப்பு. அவரவர் வீட்டில் சமைப்பது தடை செய்யப்பட்டது. பொதுக் கூடத்தில் ஊற்றுகிற கஞ்சியைத்தான் குடிக்க வேண்டும். ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தன் கையால் ஒரு பிடி சோறு பொங்கிப் போடுவது குற்றமாயிற்று.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அங்குள்ள இளைஞர்களின் படங்கள் நமக்குப் புரியும். தெருவோரத்தில் நூடுல்ஸ் விற்கும் பெண்ணை ஒருவர் படம் எடுத்தால், வேறு நாட்டில் அது சுற்றுலா அட்டை. கம்போடியாவில் அது, பறிக்கப்பட்டுத் திரும்பக் கிடைத்த ஒன்றின் படம்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. அது நம் தொழிலைச் சேர்ந்தது என்பதால் நாம் தப்பித்துப் போக முடியாது. தலைநகரில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சிறைச்சாலையாக மாற்றினார்கள். எஸ்-21 என்று அதற்குப் பெயர். இன்று அது டூல் ஸ்லெங் அருங்காட்சியகம். அங்கே கொண்டுவரப்பட்ட 12,000க்கும் மேற்பட்டவர்களில் உயிரோடு மீண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. வந்து சேர்ந்ததும் கைதியின் கண்கட்டை அவிழ்ப்பார்கள். அவர் கண் திறந்து முதலில் பார்ப்பது கேமராவை. நெஞ்சில் ஒரு எண் அட்டை. அந்தக் கேமராக்களுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர், சீனாவுக்கு அனுப்பப்பட்டு இந்தத் தொழிலைக் கற்றுவந்த பதின்வயதுப் பையன். படம் கோப்பில் சேரும். சில நாளிலோ சில மாதத்திலோ அந்த மனிதர் இருக்கமாட்டார்.

ஆட்சி வீழ்ந்தபின் 5,000க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் மிஞ்சின. முதியவர்கள், இளைஞர்கள், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார், சிறுவர்கள் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் கோப்பு ஓரிடத்திலும் நெகட்டிவ் ஓரிடத்திலுமாகச் சிதறியதால், பலருக்கு முகம் இருக்கிறது, பெயர் இல்லை. பிரிந்துபோன கணவனையும் அண்ணனையும் தேடி வந்தவர்கள், அந்தப் படங்கள் மாட்டப்பட்ட அருங்காட்சியகச் சுவர்களின் முன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். 1997ஆம் ஆண்டு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இவற்றில் 22 படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, கொலைக்கோப்பைக் கலைப்படமாகச் சுவரில் மாட்டுவது முறையா என்ற கேள்வி பலமாக எழுந்தது. 2021 ஏப்ரலில் ஒரு வெளிநாட்டு இதழ் இந்தப் படங்களுக்கு வண்ணம் பூசி வெளியிட்டது. சில முகங்களில் மூலத்தில் இல்லாத புன்னகையும் ஒட்டப்பட்டிருந்தது. கம்போடியாவின் கலாச்சார அமைச்சகம் கண்டித்தது, உறவினர்கள் கொதித்தார்கள், படங்கள் நீக்கப்பட்டன. சாகப்போகிறவர் முகத்தில் சிரிப்பை வரைவதற்கு எந்தக் கணினிக்கும் எந்தக் கலைஞனுக்கும் உரிமை கிடையாது. மாணவர்களாகிய நீங்கள் இதை மறக்கக்கூடாது.

எஸ்-21 படங்கள் இருக்கின்றன. வீட்டுப் படங்களோ பெரும்பாலும் இல்லை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? கோட்டு சூட்டு போட்ட அப்பாவின் படம் ஒன்று கையில் இருந்தாலே, படித்த குடும்பம் என்று தெரிந்துவிடும், தலை போய்விடும். சிலர் எரித்தார்கள், சிலர் கிழித்தார்கள், சிலர் மண்ணில் புதைத்தார்கள். போர்க்காலத்தில் செய்தி நிறுவனங்களுக்காகப் படம் எடுத்த கம்போடியர்களிலும் பலர் அந்த ஆண்டுகளில் மடிந்துபோனார்கள். ஆக, கொலைகாரனின் ஆல்பம் பிழைத்தது, குடும்பத்தின் ஆல்பம் அழிந்தது. இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அடுத்த தலைமுறை கேமராவை எடுத்தது.

மூத்தவர் ஒருவரிலிருந்து தொடங்குகிறேன். மாக் ரெமிசா. ப்னோம் பென் காலி செய்யப்பட்டபோது அவர் சிறுவன். மூன்றே நாள்தான், திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் மக்களை வெளியேற்றினார்கள். அவர் குடும்பம் நடந்துபோன அந்தப் பாதைக்குப் படம் கிடையாது. வளர்ந்து புகைப்படக்காரரான பிறகு, 2014ஆம் ஆண்டு, காகிதத்தில் மனித உருவங்களைக் கத்தரித்து, புகை நடுவே நிறுத்திப் படம் எடுத்தார். தொடருக்குப் பெயரே அந்த மூன்று நாள்தான். அதற்கு முந்தைய ஆண்டு திரைப்பட இயக்குநர் ரிதி பான் களிமண் பொம்மைகளை வைத்து, காணாமல்போன படத்தைத் தேடும் ஓர் ஆவணப்படத்தை எடுத்து, கான் விழாவில் பரிசு பெற்றிருந்தார். ஒருவர் காகிதத்தால், ஒருவர் களிமண்ணால் இல்லாத ஆல்பத்தை உண்டாக்கினார்கள்.

அடுத்து வந்தவர்கள் 1979க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குக் கொலைக்காலம் அம்மா சொல்லும் கதை, அல்லது அம்மா சொல்ல மறுக்கும் கதை. வான்டி ரத்தனா 1980இல் பிறந்தவர். தானாகக் கற்றுக்கொண்டவர். அவருடைய தொடக்ககாலத் தொடர் ஒன்று எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? தான் வேலை பார்த்த அலுவலகத்தைப் பற்றி. மேசை, நாற்காலி, கோப்பு, சக ஊழியர்கள். கோயிலும் இல்லை, எலும்பும் இல்லை. பிறகு 2008இல் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்து எரிந்தபின் அங்கே நின்ற மக்களை எடுத்தார். 2009இல் அவர் எடுத்த தொடர்தான் உலகப் புகழ் பெற்றது. வயல்வெளிகளில் வட்டவட்டமாகக் குளங்கள். பார்க்க அழகாக, பச்சைக்கு நடுவே வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகள் தோண்டிய பள்ளங்கள் அவை. ஊர்க்காரர்கள் அவற்றைக் குண்டுக்குளம் என்கிறார்கள்; தொடரின் பெயரும் அதுதான். ரத்தனா கூச்சலிடவில்லை. வெறும் குளத்தைக் காட்டினார். பெயரைப் படித்தபின் அந்தக் குளத்தை நம்மால் பழைய கண்ணால் பார்க்க முடிவதில்லை.

ரத்தனாவும் நண்பர்களும் 2007இல் ஒரு குழு அமைத்தார்கள். ஸ்டிவ் செலபக், அதாவது கலைக் கலகக்காரர்கள். 2010இல் அவர்கள் தங்கள் கலைக்கூடத்தை அமைத்த இடம் முக்கியமானது. நகரத்தின் நடுவில் 1960களில் கட்டப்பட்ட நீண்ட நான்கடுக்குக் குடியிருப்பு. எல்லோரும் வெள்ளைக் கட்டடம் என்பார்கள். கெமர் ரூஜ் வீழ்ந்தபின் நடனக் கலைஞர்களும் இசைக்காரர்களும் ஓவியர்களும் அங்கே குடியேறினார்கள். காலப்போக்கில் சுவர் கறுத்தது, பெயரும் கெட்டது. அங்கே வாழ்கிறவர்கள் என்றாலே முகம் சுளிப்பார்கள். இந்த இளைஞர்கள் அதே கட்டடத்தில் அறை எடுத்து, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துப் பாடம் சொல்லித் தந்தார்கள். அந்த வராந்தா, அந்தப் படிக்கட்டு, வாசலில் கட்டிய துணிக்கொடி, சீட்டாடும் கிழவர் எல்லாம் பதிவாயின. 2017இல் கட்டடம் இடிக்கப்பட்டது. சுமார் ஐந்நூறு குடும்பங்கள் கலைந்துபோயின. இன்று அந்த வராந்தாவில் யாரும் நடக்க முடியாது. படத்தில் மட்டும் நடக்கலாம். அன்றாடத்தை இன்றே படம் எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டுமா?

இதே குழுவைச் சேர்ந்த லிம் சொக்சான்லினா, தலைநகரிலிருந்து தாய்லாந்து எல்லைக்குப் போகும் ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையை 2015இல் படம் எடுத்தார். சாலையை அகலப்படுத்தினார்கள். வழியில் நின்ற வீடுகளின் முன்பாதியை அறுத்துத் தள்ளினார்கள். மிஞ்சிய பாதி வீடுகளை அவர் நேருக்கு நேர் நின்று எடுத்தார். வளர்ச்சி என்று நாம் சொல்லும் சொல்லுக்குள் இருக்கும் ரம்பத்தை நான் அந்தப் படங்களில்தான் பார்த்தேன்.

சோவன் பிலோங் 1986இல் பிறந்தவர், பத்திரிகைப் புகைப்படக்காரராக வேலை பார்த்தவர். இரவு நேரத்தில் ப்னோம் பென் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் சுற்றுவார். இருட்டில் யாரேனும் தென்பட்டால் வண்டியை நிறுத்துவார். பிளாஷ் கிடையாது, ஸ்டூடியோ விளக்கு கிடையாது. தன் வண்டியின் முன்விளக்கையே அவர்மேல் திருப்பிப் படம் எடுப்பார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஓர் ஒளிவட்டம், அதற்குள் நம்மைப் போல ஒரு மனிதர். நண்பர்களே, எஸ்-21ஐ மறுபடி நினையுங்கள். அங்கேயும் இருட்டிலிருந்து வந்தவர்மேல்தான் வெளிச்சம் விழுந்தது. அங்கே அது பிடிபட்டவர்மேல் விழுந்த வெளிச்சம். இங்கே அதே நகரத்தில், நிற்க விருப்பமுள்ளவர், விருப்பமில்லையென்றால் நடையைக் கட்டக்கூடியவர், தன் தெருவில் தன் காலில் நிற்கிறார். வெளிச்சம் தருவதும் அதே தெருவில் ஓடும் சாதாரண வண்டி. பிலோங் இதை மனத்தில் வைத்து எடுத்தாரா என்று நான் வாதிட வரவில்லை. அந்த வரலாறு தெரிந்த கண்ணுக்கு இது படுகிறது.

நியாக் சோபல் 1989இல் தகேவ் மாகாணத்தில் பிறந்தவர். கேமரா பிடித்த கம்போடியப் பெண்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் வந்தவர். அவர் படங்களில் திரும்பத் திரும்ப ஒன்று நடக்கிறது. மனிதர்கள் முகம் காட்டுவதில்லை. ஒரு தொடரில் உழைக்கும் மக்கள் தங்கள் பிழைப்புக்குரிய பொருளாலேயே முகத்தை மறைத்து நிற்கிறார்கள். உருவப்படம் என்றால் முகம் என்றுதானே நாம் படித்தோம்? ஆனால், ஆயிரக்கணக்கான முகங்களைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் நாட்டில், பெயர் தெரியாத அந்த முகங்களின் முன் உலகமே வந்து நின்றுவிட்டுப் போகும் நாட்டில், முகத்தைத் தர மறுப்பதும் ஒரு மானம். உழைக்கிறவர் யார் என்று ஊர் உலகம் கேட்டதில்லை, அவர் சுமக்கிற சரக்கைத்தான் பார்த்தது என்ற வருத்தமும் அதில் இருக்கிறது.

கிம் ஹக் 1981இல் பட்டம்பாங்கில் பிறந்தவர். அவருடைய நீண்ட தொடருக்கு 'உயிரோடு' என்று பொருள்படும் பெயர். கொலைக்காலத்தைத் தாண்டி வந்த குடும்பங்களிடம், அந்த நாட்களில் நீங்கள் விடாமல் வைத்திருந்த பொருள் எது என்று கேட்டார். புழங்கிய பாத்திரம், ஒரு துணி, ஒரு பழைய படம் என்று எடுத்து நீட்டினார்கள். அந்தப் பொருளைக் கறுப்புப் பின்னணியில் வைத்து, ஒரு மனிதரை எடுப்பது போன்ற மரியாதையோடு எடுத்தார். பக்கத்தில் அதன் கதையை எழுதினார். கம்போடியாவில் தொடங்கி, அகதிகளாகப் போனவர்கள் வாழும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் வரை போனார். இந்தத் தொடரைப் பார்த்து பல வீடுகளில் பேசாத பெற்றோர் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். 'பாட்டி எப்படிச் செத்தாள்' என்று எந்தப் பிள்ளையும் கேட்கத் துணியாது. 'இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது' என்று கேட்கலாம். சமைப்பதே குற்றமாயிருந்த காலத்தைத் தாண்டி வந்த பாத்திரம் நீதிமன்றம் ஏறாத சாட்சி.

இவர்களுக்குப் பின்னால் நின்ற அமைப்புகளையும் சொல்ல வேண்டும். 2005இல் சியம் ரீப்பில் தொடங்கிய அங்கோர் புகைப்பட விழா, ஆசியாவின் இளம் புகைப்படக்காரர்களுக்கு இலவசப் பட்டறை நடத்தியது. 2008இல் ப்னோம் பென் புகைப்பட விழா தொடங்கியது. படங்கள் கூடத்துக்குள் மட்டும் இல்லாமல் தெருவோரச் சுவர்களிலும் மாட்டப்பட்டன. கட்டணம் கொடுத்துக் கலைக்கூடத்துக்குள் போகாத மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நின்று பார்த்தார்கள். ரிதி பான் 2006இல் நிறுவிய போபனா மையம், உலகெங்கும் சிதறிய கம்போடியப் படச்சுருள்களைச் சேகரித்து எவரும் வந்து பார்க்கத் திறந்து வைத்தது. போபனா என்பது எஸ்-21இல் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் பெயர். பெயரைக் காப்பாற்றுவது எப்படி என்று அந்தப் பெயர்ப்பலகையே சொல்லித் தருகிறது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? பெரிய நிகழ்ச்சிக்காகக் காத்திருக்காதீர்கள் என்பேன். உங்கள் அலுவலகம், உங்கள் மாடிப்படி, பாதி அறுபட்ட எதிர்வீடு, உங்கள் வண்டியின் முன்விளக்கு, இவை போதும். விலையுயர்ந்த லென்ஸ் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சோவன் பிலோங்கிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். எதிரே நிற்பவரின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர் முகம் தர மறுத்தால் அந்த மறுப்பையும் மதியுங்கள். அவர் சிரிக்காதபோது சிரிக்க வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய படம் இருக்கிறது. என் பாட்டி இளவயதில் ஒரு ஸ்டூடியோவில் நிற்கிறார். அவர் தோளைத் தொட்டபடி இன்னொரு பெண். எங்களுக்குப் போரில்லை, இடப்பெயர்வில்லை, யாரும் எங்கள் படங்களை எரிக்கவில்லை. இருந்தும் அந்தப் பெண் யார் என்று சொல்ல இன்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. கேட்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை. டூல் ஸ்லெங்கின் சுவரில் பெயரில்லாத முகங்கள் இருப்பது ஒரு கொடிய ஆட்சியின் குற்றம். என் வீட்டுப் பெட்டியில் பெயரில்லாத முகம் இருப்பது என் சோம்பலின் குற்றம்.

ஆகவே, இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அம்மாவையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு. அதன் பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். உலை கொதித்துக்கொண்டிருக்கும். அதைப் படம் எடுங்கள்.